இடது பக்கச் சக்கரம்

…இடது பக்கம்தான், இதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை, இருபத்திரண்டு வருடமாக இந்த ஜீப்பின் ஒவ்வொரு முக்கலையும் முனகலையும் கேட்டுக்கொண்டிருப்பவள் நான், எனக்குத் தெரியாததா, நாற்பதைத் தாண்டினால் தொடங்குகிறது, ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில், பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டதுபோல, அறுபதில் கனக்கிறது, கிளட்சை மிதித்தாலும் அடங்கவில்லை, நியூட்ரலில் தள்ளினாலும் அடங்கவில்லை, ஆக எஞ்சினைச் சொல்லிக் குற்றமில்லை, முன் சக்கரத்துக்குள் இருந்துகொண்டு அதை உருள விடுகிற பேரிங்தான் போய்விட்டது, அதுவும் இடது முன் சக்கரத்து பேரிங். வியாழக்கிழமை இவரை, என் வீட்டுக்காரரை, பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன், கேளுங்கள் என்றேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கச்சேரி கேட்கிறவர் மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கடைசியில் என்ன சொன்னார்? "வலது பக்கம் மாதிரில்ல இருக்கு" என்றார். மாதிரியாம். ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதவர், பள்ளிக்கூட நூலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து புத்தகத்துக்கு எண் ஒட்டியவர், எனக்குச் சொல்கிறார், எந்தச் சக்கரம் என்று. போகட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும், கழற்றி எடுத்துத் தேய்ந்த பேரிங்கை இவர் உள்ளங்கையில் வைத்தால் தானாகத் தெரிந்துவிடப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி, தகரக் கொட்டகைக்குள் வெயில் இன்னும் நுழையவில்லை, சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது, இதுதான் வேலைக்கு நல்ல நேரம். நாளைக் காலை ஆறு மணிக்கு வண்டி மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும், செவிலியம்மாவையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் கடைசி ஊர்வரை போக வேண்டும், திரும்பும்போது நிறைமாதக்காரி ஒருத்தியைக் கீழே கொண்டுவர வேண்டும், அந்தப் பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது, ஏறினாலும் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு இறக்குகிற கை வேண்டுமே. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும், தூக்கிவிட்டுத் தளர்த்தினால் சக்கரம்தான் சுற்றும், நட்டு சிரிக்கும். ஒன்று, இரண்டு, மூன்றாவது வரமாட்டேன் என்கிறது, கம்பியில் ஏறி நின்றேன், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளை ஸ்பேனர் கம்பிமேல் ஏறி நின்று குதிப்பதை எதிர் வீட்டு மாடியில் பல் துலக்குகிறவர் பார்க்கிறார், பார்க்கட்டும், கிரீச் என்று விட்டுக்கொடுத்தது. எனக்கு மற்ற டிரைவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரே பாம்புச்செவி. வண்டி வளைவு திரும்பும் முன்பே இன்னாருடைய வண்டி, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன், பெல்ட் கீச்சிடுகிறதா, சைலன்சர் ஓட்டையா, டீசலில் தண்ணீரா... ஒருமுறை பந்தயம் கட்டிக் கண்ணைக் கட்டிவிட்டு ஏழு வண்டிகளை வரிசையாக ஓடவிட்டார்கள், ஏழையும் சொன்னேன். எத்தனை வருடம் இருக்கும் அது? எட்டு? பத்து இருக்குமோ?

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் போன வாரம் செவிலியம்மா, "அக்கா, புதன்கிழமை நம்ம டிரைவருங்களுக்கு எல்லாம் கண்ணு, காது பார்க்கிறாங்க, நானே உங்ககூட வரேன்" என்றாள். எல்லோருக்கும் பார்க்கிறார்கள் என்றால் எல்லோரும் போகப் போகிறார்கள், இதில் கூட வருவதற்கு என்ன இருக்கிறது? நான் என்ன பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடப்போகிற குழந்தையா? அதுவும் அந்தக் குரலில், ஊசி போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில். மகளும் போனில் அதையேதான் பாடுகிறாள், "அம்மா, நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்றே, ஒரு தடவை காட்டேன்." இவள் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பேசினால் யாருக்குத்தான் கேட்கும். சோதனையில் தவறினால் மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள், அது விதி, அதை நான் குறை சொல்லவில்லை, காது கேட்காதவரிடம் நிறைமாதக்காரியை எப்படி ஒப்படைப்பது, நானே ஒப்படைக்கமாட்டேன். ஆனால் அது என்னைப் பற்றிய விதி இல்லை. அதனால்தான் இந்த பேரிங் எனக்கு வெறும் பேரிங்காக இல்லை என்று தோன்றுகிறது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், இடது பக்கத்து பேரிங் தேய்ந்திருந்தால் என் காதில் பழுதில்லை, அவ்வளவுதான், அதற்குமேல் புதன்கிழமையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

ஜாக்கியை வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டைக் கொடுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, ஒருமுறை தோளால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் போயிருந்தால் கடகடவென்று ஆடும். ஆட்டினேன்... ஆடியதா? ஆடியது என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு மயிரிழை, விரலுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஆனால் ஆடியது. இன்னொரு சோதனையும் இருக்கிறது, சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் கையை வைத்துக்கொண்டால் பழுதான பக்கம் கைக்குள் குறுகுறுவென்று ஏறும், இரண்டு பக்கமும் செய்து பார்த்து ஒப்பிட்டால் குழப்பமே இருக்காது, பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். நான் செய்யவில்லை. வலது பக்கத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அதெல்லாம் காதில் சந்தேகம் இருப்பவர்களுக்கு. உதிரிபாகக் கடைக்காரர்கூட, "ரெண்டு பக்கமும் மாத்திருங்களேன் அக்கா, இன்னொரு செட்டு செவ்வாக்கிழமை வந்துரும்" என்றார், வேண்டாம், ஒரு பக்கம்தான் போயிருக்கிறது, இடது பக்கம், ஒரு செட்டு போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாம்புச்செவி சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று அவரும் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

சக்கரத்தைக் கழற்றி எனக்குப் பின்னால் தரையில் படுக்கவைத்தேன், பிரேக்கைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டை இரண்டு போல்ட்டு கழற்றி எடுத்து, அதை அப்படியே தொங்கவிடக் கூடாது, பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாய் இழுபட்டுவிடும், கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டேன், கை தானாகச் செய்கிறது, தலை வேறெங்கோ போகிறது, எங்கே போகிறது, அந்த லாரியிடம்தான் போகிறது, மூன்று வாரமாக வேண்டாம் வேண்டாம் என்றாலும் அங்கேதான் போகிறது. ஏழாவது வளைவுக்குக் கீழே, இடப்பக்கம் பள்ளம், பள்ளத்தைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தேன், கண்ணாடியைப் பார்த்தேனா, பார்த்தேன், பார்த்திருப்பேன், திடீரென்று வலப்பக்கம் முழுக்க ஒரே நீலம், லாரியின் உடம்பு, டமார் என்று பக்கக் கண்ணாடி பறந்து போனது. இன்னும் ஒரு சாண், அவ்வளவுதான். லாரிக்காரன் இறங்கி வந்து குதித்தான், "மூணு தடவை ஹாரன் அடிச்சேன், செவுடா நீ?" என்றான். நான் விடுவேனா, பதிலுக்கு ஒரு பிடி பிடித்தேன், ஹாரனே அடிக்காமல் மலைப்பாதையில் முந்துகிற நீயெல்லாம் லைசென்ஸை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன், பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சமாதானம் செய்து அனுப்பினார்கள். அப்போது செவிலியம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? என் பக்கம் பேசவில்லை, அவன் பக்கமும் பேசவில்லை, மடியிலிருந்த மருந்துப் பெட்டியின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பயந்திருப்பாள் என்று நினைத்தேன். நீ கேட்டாயா ஹாரனை என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்போது எதற்குக் கேட்பது.

ஆறு போல்ட்டு கழற்றினால் நடு மூடி வரும், உள்ளே ஒரு வளையம், அதற்குள் ஒரு பெரிய நட்டு, அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க ஒரு தகட்டை மடித்து வைத்திருப்பார்கள், அதை உளியால் நிமிர்த்த வேண்டும், இதெல்லாம் அவசரப்பட்டால் நடக்காது. புதிய பேரிங்கின் வெளி வளையங்கள் இரண்டும் நேற்றிலிருந்து ஃப்ரீசரில் இருக்கின்றன, குளிர்ந்தால் இரும்பு ஒரு துளி சுருங்கும், சுத்தியலால் ரொம்ப அடிக்காமல் உட்கார்ந்துவிடும், பட்டறையில் இதை அழுத்தி உட்காரவைக்க ஒரு பிரஸ் மிஷின் இருக்கும், வீட்டில் நமக்கு ஃப்ரீசர்தான் பிரஸ். காலையில் எடுத்துப் பார்க்கப் போனால் பாலிதீன் பைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, இவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், 'சாப்பிடக் கூடாதது. எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்கவும்.' முப்பது வருடப் பழக்கம், வீட்டில் உப்பு ஜாடியைக்கூட விட்டுவைக்கவில்லை. நல்ல மனிதர்தான். குரல்தான் பிரச்சனை, நூலகத்திலேயே இருந்து இருந்து குரல் தேய்ந்துவிட்டது, வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே முடித்துக்கொள்வார், கல்யாணமான புதிதில் நானே கிண்டல் செய்திருக்கிறேன், உங்கள் பேச்சைக் கேட்க ஒலிபெருக்கி வாங்க வேண்டும் என்று. ஆனால் அப்போதெல்லாம் கேட்டது. கிண்டல் செய்யும் அளவுக்குக் கேட்டது. இப்போது அவர் இன்னும் குறைத்துவிட்டார், வயது, பல் வேறு இரண்டு போய்விட்டது, குறைக்கத்தானே செய்வார்?

நட்டு கழன்றது, சக்கரம் பூட்டுகிற குடத்தை, ஹப்பை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், வெளிப் பக்கத்து பேரிங் பொத்தென்று உள்ளங்கையில் விழுந்தது, கிரீஸோடு, கறுப்பாக. உள்பக்கத்தது எண்ணெய் கசியாமல் காக்கிற ரப்பர் வளையத்துக்குப் பின்னால் இருக்கிறது, நெம்பி எடுத்தேன். இரண்டையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், கிரீஸ் கரைந்து தட்டு முழுக்கக் கறுத்தது, இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை, பிறகு துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இப்போது பார், குழி விழுந்திருக்கும், நீலம் பாய்ந்திருக்கும், உருளைகளில் ஒன்றாவது செதில் செதிலாக உரிந்திருக்கும்... இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வெயிலில் போய் நின்றேன். உருளைகள் பளபளவென்று இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சுற்றினேன், ஒவ்வொன்றிலும் என் கட்டைவிரல் தெரிகிறது. வெளி வளையத்தின் உட்புறம் நகத்தால் வருடினேன், எங்காவது ஒரு கீறலாவது நகத்தில் தட்டாதா என்று சுற்றிச் சுற்றி வருடினேன், வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. உள்பக்கத்ததையும் அப்படியே பார்த்தேன். கடையில் வாங்கிய புதியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கையால் தடவினால் எது எதென்று எனக்கே தெரியாது. இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் இந்த பேரிங். என் வாழ்க்கையில் நல்ல பேரிங் ஒன்றைப் பார்த்து, இது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஏங்கியது இதுதான் முதல் தடவை.

வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சரி, பதற்றம் வேண்டாம், ஒரு தப்பு நடந்திருக்கிறது, வண்டி வேலையில் தப்பு நடக்காத ஆள் யார், சத்தம் இரும்பு வழியாக ஓடி வேறு பக்கம் கேட்பதுண்டு, பெரிய பெரிய மேஸ்திரிகளே ஏமாந்திருக்கிறார்கள், எனக்கே தெரிந்து நாலு பேர். ஆனால் நான் ஏமாந்ததில்லை. அதுதான் இடிக்கிறது. கையில் இருப்பது ஒரு செட்டு புதியது, இதை இந்தப் பக்கமே போட்டுவிட்டால் என்ன? நல்லதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதால் கெட்டுவிடாது, பழையதைத் துணியில் சுற்றி இரும்புக் குப்பையில் எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது, நாளைக் காலையில் சத்தம் வந்தால் டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், டயர் சத்தமும் இப்படித்தான் இருக்கும், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அடுத்த செட்டு செவ்வாய்க்கிழமை வரும், யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கத்தையும்... நாளைக்கு மட்டும் அந்தப் பக்கம் தாங்கினால் போதும். தாங்குமா? நிறைமாதக்காரி பின்சீட்டில் படுத்திருக்க, இறக்கத்தில், ஏழாவது வளைவில், வலது சக்கரம் சூடேறி இறுகிக்கொண்டால்? சீ, என்ன யோசனை இது. என் புத்தி இப்படிக்கூடப் போகுமா? போனது. ஒரு நிமிஷம் நன்றாகவே போனது, அந்தத் துணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்லப் போவதில்லை.

பழையதை எறியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சமையலறைக் கதவு திறந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் கதவின் கீல் எண்ணெய் இல்லாமல் கத்தும், எத்தனையோ நாள் நானே திட்டியிருக்கிறேன், இப்போது அது எனக்கு வலது கைப் பக்கம் பத்தடி தூரத்தில் திறந்துகொண்டது, நான் தற்செயலாகத் தலையைத் திருப்பியதால் பார்த்தேன். இவர் இரண்டு கையிலும் டீக் கோப்பைகளோடு வருகிறார். எனக்கு வலது பக்கம் தரை காலியாகக் கிடக்கிறது, நாலு எட்டு வைத்தால் என் பக்கத்தில் வந்து நிற்கலாம், பின் சக்கரத்துமேல் கோப்பையை வைக்கலாம். இவர் அங்கே நிற்கவில்லை. எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறார், படுத்திருக்கும் சக்கரத்தைத் தாண்டக் காலை உயரத் தூக்குகிறார், டீ கொஞ்சம் தளும்பிக் கையில் படுகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறார், நான் துணிமேல் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் போல்ட்டுகளை மிதிக்காமல் பக்கவாட்டில் ஒரு எட்டு, மண்ணெண்ணெய்த் தட்டைத் தாண்ட இன்னொரு எட்டு, சுவருக்கும் பம்பருக்கும் நடுவே தொப்பையை எக்கிக்கொண்டு நுழைந்து, என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு, எப்போதும்போல மெதுவாக, "என்ன டிரைவரம்மா, ஆச்சா?" என்றார். தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

கையில் கோப்பையை வாங்கினேன், குடிக்கவில்லை. இந்த மனிதர் ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு வந்தார்? தொப்பையை எக்கிக்கொண்டு, கையைச் சுட்டுக்கொண்டு... இது இன்றைக்குத்தானா? கட்டிலில் எனக்கு வலப்பக்கம்தானே இருபத்தைந்து வருடம் படுத்தார், மழைக்காலத்தில் ஜன்னல் சாரல் அடிக்கிறது என்று இடப்பக்கம் மாறினார், மழை நின்று ஐந்து மாதமாகிறது, திரும்பவே இல்லையே. சாப்பாட்டு மேஜையில் சுவரோரம் உட்காருகிறவர் இப்போது எதிர்ப்பக்கம் உட்காருகிறார், முதுகுவலி, சாய்வு சரியில்லை என்றார். மாலையில் நடக்கப் போனால் என்னைச் சாலையோரம் தள்ளிவிட்டு வண்டிகள் போகிற பக்கம் வருகிறவர், இப்போது நான் வண்டிப் பக்கம் நடக்கிறேன், அவர் ஓரமாக வருகிறார், வயதாக ஆகப் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டார் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேனே. சிரித்தாளா அவள்? இல்லை, போனை அப்பாகிட்டே கொடு என்றாள். போன்... போனை நான் எந்தக் காதில் வைக்கிறேன்? இடது. எப்போதிலிருந்து? வலது கையில் பேனா இருக்குமே அதனால் என்று... நான் போனில் பேசிக்கொண்டே எதை எழுதுகிறேன், ஒன்றும் எழுதுவதில்லையே. ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் எனக்கு இடது பக்கம்தான், அவர்கள் பேசுவது எல்லாம் கேட்கும், செவிலியம்மா பேசுவது கேட்கும், அதனால் எல்லாமே கேட்கிறது என்று இருந்துவிட்டேன். வலது பக்கம் யார் இருக்கிறார்கள்? ஜன்னலும் காற்றும், இருபத்திரண்டு வருடக் காற்று. அப்புறம் முந்திக்கொண்டு வருகிற வண்டிகள். எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு இடது பக்கமிருந்துதான் வரும், ஏனென்றால் என் இரண்டு காதில் அங்கே மட்டும்தான் கதவு திறந்திருக்கிறது. இவர் இதையெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார், புத்தகத்தை ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு மாற்றி வைக்கிறவர் மாதிரி. எனக்குக் கோபம் வந்தது, இவர்மேல்தான் வந்தது, சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் உடனே தெரிந்தது, கோபம் போய்விட்டது.

மடியிலிருந்த பேரிங்கை எடுத்து இவர் கையில் வைத்தேன். "இது நல்லாத்தாங்க இருக்கு" என்றேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார், நான் சொன்னேனே என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன், ஒரு தடவை சொன்னால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். "அப்ப இதையே திருப்பிப் போட்டுட்டு, புதுசை அந்தப் பக்கம் போட்டுரலாமா? ஜாக்கியை நான் தள்ளிட்டு வரட்டுமா?" என்றார். அந்தப் பக்கம் என்றார், வலது என்றுகூடச் சொல்லவில்லை. அந்த லாரிக்காரன் ஹாரன் அடித்திருப்பான் என்றேன். "ம்" என்றார். மூன்று தடவையும் அடித்திருப்பான் என்றேன். அவர் பேரிங்கிலேயே கண்ணாக இருந்தார், தன் வேட்டியில் கிரீஸ் படுவதைக்கூடப் பார்க்கவில்லை. செவிலியம்மா வீட்டுக்கு வந்தாளா, உங்களிடம் சொன்னாளா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை, சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் அவள் நாளைக் காலையில் ஆறு மணிக்கு என் பக்கத்தில் ஏறி உட்காரப் போகிறாள், மூன்று வாரமாக அப்படித்தான் ஏறி உட்காருகிறாள், ஹாரனைக் கேட்ட பிறகும், எனக்காகத் தன் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டு. எனக்குப் பயமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், மலை இறக்கத்தில் பிரேக் போன அன்றுகூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

"ஏங்க, இந்தப் பக்கம் வாங்க" என்றேன், வலது கையால் தரையைக் காட்டினேன். எதுக்கு என்று கேட்டார். வாங்க, சொல்றேன் என்றேன். கோப்பையைப் பானெட்மேல் வைத்துவிட்டு வந்த வழியே மறுபடி தொப்பையை எக்கிக்கொண்டு, தட்டைத் தாண்டி, போல்ட்டுகளைத் தாண்டி, சக்கரத்தைத் தாண்டி எனக்கு வலது பக்கம் வந்து நின்றார், எத்தனை மாதம் கழித்து அங்கே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லுங்கள், எப்போதும் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள், எனக்காகக் கத்தக் கூடாது என்றேன். "என்ன சொல்ல?" என்று அவர் உதடு கேட்டது. எதையாவது. நாளைக்கு நான் வண்டி எடுக்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உதட்டிலிருந்து தெரிந்துகொண்டுவிடுவேன், எத்தனை நாளாக அப்படித்தான் செய்கிறேனோ என்னவோ, அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டேன், இடது உள்ளங்கையை, கிரீஸும் மண்ணெண்ணெயுமாக அப்படியே, இடது காதோடு வைத்து அழுத்தினேன். கன்னத்தில் கிரீஸ் வழிகிறது. உள்ளங்கைக்குள் என் ரத்தம் ஓடுகிற இரைச்சல் கேட்கிறது, ம்ம்ம்ம் என்று, வேறொன்றும் இல்லை. யோசித்துச் சொல்கிறவர், நேரம் எடுத்துக்கொள்வார், காத்திருக்கலாம் என்று காத்திருந்தேன். பத்துவரை எண்ணினேன். மறுபடி பத்துவரை எண்ணினேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லையா, இல்லை எப்போதோ சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை.